தொட்டுப் பார்க்க அனுமதி உண்டு

இரண்டு சம்பந்தியம்மாக்களை மூன்று நாள் ஒரே அறையில் தங்க வைத்தால் என்ன ஆகும் என்று இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. டெய்லரம்மாவின் மகளுக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. "நானும் அவரும் போறதுக்குத்தான்மா டிக்கெட் போட்டோம். ரெண்டு பேருக்கும் லீவு இல்லன்னுட்டாங்க. வீணாப் போகுதே, நீயும் அத்தையும் போய்ட்டு வாங்க" என்று போனில் கொஞ்சினாள். டிக்கெட் வந்து சேர்ந்ததும் டெய்லரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். மூத்த குடிமக்கள் சலுகை என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. மகளுக்கு வயது இருபத்தெட்டு. பொய் சொல்லவும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும், அது அந்தப் பெண்ணிடம் சுத்தமாகக் கிடையாது.

ஆனாலும் டெய்லரம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஏன் அனுப்புகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெருமுனையில் அவள் கடை இருக்கும் கட்டடத்தை மாதக் கடைசியில் இடிக்கப் போகிறார்கள். கடை என்றால் முன்னால் ஒரு மெஷின், ஒரு வெட்டு மேசை, பின்னால் திரை போட்டு மறைத்த ஒரு கட்டில், ஒரு அடுப்பு. இருபத்தாறு வருஷமாக அவளுக்குக் கடையும் அதுதான், வீடும் அதுதான். "எங்ககூட வந்து இரும்மா" என்று மகள் தினமும் நச்சரித்தாள். மாப்பிள்ளையும் தங்கமான பிள்ளை, அவரும் கூப்பிட்டார். ஆனால் அந்த வீடு மகளுடையதும் இல்லை, மாப்பிள்ளையுடையதும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவுடையது. அந்த அம்மா வாயைத் திறந்து வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க டெய்லரம்மா தயாராக இல்லை.

வெளியூரில் இருந்த தம்பி வேறு, "மாடி ரூம் காலியா இருக்குக்கா, திங்கட்கிழமைக்குள்ள சொல்லிடு, வேற ஆள் கேக்கறாங்க" என்று கெடு வைத்திருந்தான். சுற்றுலா முடிவது ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் சம்பந்தியம்மா வாங்க என்று கேட்டால் மகள் வீடு, கேட்காவிட்டால் ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் தம்பி வீடு. இதைத்தான் மனசுக்குள் முடிந்துகொண்டு டெய்லரம்மா வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறினாள்.

சம்பந்தியம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேர் அவள் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். அதனாலோ என்னவோ யாரைப் பார்த்தாலும் ஒரு அதட்டல்தான். பஸ் டிரைவரிடம், "முதுகை நேரா வச்சு உக்காருங்க, இப்பவே வளைஞ்சிருக்கு" என்றாள். வழிகாட்டியாக வந்த இளைஞரிடம், "மூச்சு விட்டுப் பேசுங்க தம்பி" என்றாள். எக்ஸ்ரேயம்மா என்று பஸ்ஸில் எல்லாரும் கூப்பிட ஆரம்பித்ததும் அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

முதல் நாள் காலிப் பாட்டில்களை அடுக்கிக் கட்டிய வீட்டுக்குப் போனார்கள். யாரோ ஒரு தபால்காரர் பதினெட்டு வருஷம் பாட்டில் பொறுக்கிக் கட்டிய வீடாம். உள்ளே நின்றால் பச்சையும் பழுப்புமாக வெயில் மேலே விழுந்தது. எல்லாரும் ஆகா ஓகோ என்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது டெய்லரம்மா, "பாவம், அவர் பொண்டாட்டி இதைத் துடைச்சே செத்திருப்பா" என்றாள். எக்ஸ்ரேயம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பா, இல்லையா என்று சொல்ல முடியவில்லை. கேட்பதற்கு அது நல்ல நேரம். ஆனால் எக்ஸ்ரேயம்மா, "சம்பந்தி..." என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தண்ணி வேணுமா?" என்று பாட்டிலை நீட்டினாள். டெய்லரம்மா தாகமே இல்லாமல் பாதிப் பாட்டிலைக் குடித்தாள்.

இரண்டாம் நாள் தலைகீழாகக் கட்டிய வீடு. கூரை தரையில் ஊன்றியிருக்க, கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் தலைக்கு மேல் தொங்கின. அங்கேயும் "சம்பந்தி..." என்ற ஆரம்பம் வந்தது. டெய்லரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரொம்ப நேரம் அண்ணாந்து பாக்காதீங்க, கழுத்து எலும்புக்கு ஆகாது" என்று வந்தது முடிவு. சாயங்காலம் சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய ஒரு தெருவில் நடந்தார்கள். நிஜ ஜன்னல் எது, வரைந்த ஜன்னல் எது என்று தெரியாத தெரு. வரைந்த ஜன்னல் ஒன்றில் ஒரு பெண் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ரவிக்கையின் வலது கையை இடது பக்கத்தில் வைத்துத் தைத்தது போல ஓவியர் வரைந்துவிட்டார் என்று டெய்லரம்மா கண்டுபிடித்தாள். எக்ஸ்ரேயம்மா வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அது மட்டுமா, தோள்பட்டையும் இறங்கியிருக்கு" என்றாள். இருவரும் ஓவியரைக் கால் மணி நேரம் பிரித்து மேய்ந்தார்கள். மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. ஆனால் அறைக்குத் திரும்பியதும் எக்ஸ்ரேயம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பல்லைக் கழற்றிய பிறகு அவள் யாரோடும் பேசமாட்டாள் என்று மகள் முன்பே எச்சரித்திருந்தாள்.

பேசாமல் படுத்திருந்த டெய்லரம்மாவுக்கு ஒரே அழுகையாக வந்தது. இந்த மனுஷியை அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் வேதனை. பிடிக்காதவளாக இருந்தால் கேட்காததைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு கலைக்கூடம். அதில் ஒரு பெரிய கூடம் முழுக்க ஒரே சிற்பியின் சிலைகள். மகாராஜாக்களோ தேவதைகளோ கிடையாது. லிஃப்ட் இயக்குபவர், காய்கறிப் பையோடு நிற்கும் கிழவி, பெட்டி மேல் உட்கார்ந்து தூங்கும் பிரயாணி என்று தெருவில் பார்க்கிற ஜனங்கள். தோலில் மச்சம், கையில் முடி, நகத்தில் அழுக்கு. உடுத்தியிருந்தது நிஜத் துணி. வாசலிலேயே வழிகாட்டி, "ஒண்ணையும் தொடக்கூடாது. கடைசியில ஒரே ஒரு சிலை இருக்கு, அதை மட்டும் தொடலாம். கண் தெரியாதவங்களுக்காக வச்சது, பக்கத்துல போர்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

உள்ளே போன ஐந்தாவது நிமிஷம் எக்ஸ்ரேயம்மா, வழியை மறித்து நின்ற ஒரு ஆளிடம், "கொஞ்சம் நகருங்க சார்" என்றாள். ஆள் நகரவில்லை. "உங்களைத்தான் சொல்றேன். காது கேக்கலையா?" என்றாள். அதற்கும் அசையவில்லை. மூன்றாவது தடவை அவள் குரலை உயர்த்தியபோதுதான் அது சிலை என்று தெரிந்தது. டெய்லரம்மாவுக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "மூச்சைப் பிடிச்சு நிக்கறான் சம்பந்தியம்மா! முப்பது வருஷத்துல இப்படி ஒரு நல்ல பேஷன்ட் வந்திருக்கமாட்டான்!" பஸ்ஸில் வந்த மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

எக்ஸ்ரேயம்மா சிரிக்கவில்லை. முகம் இறுகிப் போய், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த சிலைக்கு நடந்துவிட்டாள். டெய்லரம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டாள். நாலு பேர் முன்னால் சம்பந்தியைக் கேலி செய்துவிட்டு, அதே சம்பந்தி வீட்டில் இடம் கிடைக்கும் என்று எந்த முட்டாள் எதிர்பார்ப்பாள்? தன் வாயைத் தானே இரண்டு தையல் போட்டு மூடிவிடலாமா என்று இருந்தது.

மனசு சரியில்லை என்றால் டெய்லரம்மாவின் கண் தானாகத் துணிக்குப் போய்விடும். அது அவள் பழக்கம். சாவு வீட்டில்கூட யார் சட்டையில் பட்டன் தொங்குகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இங்கேயும் தனியாக ஒதுங்கி, சிலைகளின் தையலைப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாம் கடையில் வாங்கிய ரெடிமேட். ஒன்றிலும் உயிரில்லை. இப்படியே கூடத்தின் கோடிக்கு வந்தபோது அந்தப் போர்டு தெரிந்தது. ஒற்றைக் காலில் நின்ற மரப் போர்டு: தொட்டுப் பார்க்க அனுமதி உண்டு. அதற்கு வலது பக்கத்தில் ஒரு கிழவி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இடது பக்கத்தில், காவலர் சீருடையில் ஒருவர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது.

டெய்லரம்மா கிழவியைக் கவனிக்கவே இல்லை. அவள் கண் போய் நின்றது காவலரின் சட்டைக் காலரில்.

காலரைத் திருப்பித் தைத்திருந்தார்கள். வெளியே தெரியாது. தையல்காரிக்குத்தான் தெரியும். மடிப்பில் நைந்துபோன காலரைப் பிரித்து எடுத்து, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பிப் போட்டு மறுபடி தைத்துவிட்டால் சட்டை இன்னும் இரண்டு வருஷம் ஓடும். அந்தத் துணி மட்டும் மற்ற இடத்தைவிட ஒரு சாயல் புதுசாக இருந்தது. டெய்லரம்மாவுக்கு மெய்சிலிர்த்தது. இந்தச் சிற்பிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நைந்த சட்டையைத் தூக்கிப் போட மனமில்லாத ஒரு ஆளைப் படைத்து, அவனுக்குக் காலரைக்கூடத் திருப்பித் தைத்துப் போட்டிருக்கிறானே, அவனல்லவா கலைஞன்! ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. உண்மையிலேயே திருப்பியிருந்தால் காலருக்கு அடியில் நைந்த கோடு இருக்க வேண்டும்.

குனிந்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். இரண்டு விரலால் காலரைத் தூக்கி, கட்டைவிரலை உள்ளே விட்டு அடிப்பக்கத்தைப் புரட்டினாள்.

"ஐயோ!" என்றது சிலை.

டெய்லரம்மா போட்ட அலறலில் கூடமே திரும்பிப் பார்த்தது. தூக்கம் கலைந்து துள்ளி எழுந்த காவலரின் முழங்கை போர்டில் பட்டது. போர்டு சாய்ந்து கிழவியின் நீட்டிய கையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் கிழவியின் சுண்டுவிரல் ஒரு பக்கமாகத் தொங்கிப்போயிற்று.

மேற்பார்வையாளர் ஓடி வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் எள்ளும் கொள்ளும் வெடித்தது முகத்தில். "என்ன நடந்தது இங்க? யார் இதை உடைச்சது?"

காவலர் காலரைப் பிடித்துக்கொண்டு, "இந்தம்மா என் கழுத்துல கை வச்சாங்க மேடம்" என்றார்.

"தொடலாம்னு போட்டிருந்துச்சு" என்றாள் டெய்லரம்மா.

"அது சிலைக்கும்மா! என் ஆளுக்கு இல்ல!"

பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் சுற்றி வந்து நின்றார்கள். டெய்லரம்மா கண்ணால் சம்பந்தியம்மாவைத் தேடினாள். அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். அப்படியே திரும்பிப் போய்விடப் போகிறாள், எனக்கும் இவளுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிடப் போகிறாள் என்று டெய்லரம்மா முடிவே கட்டிவிட்டாள். அப்படிச் சொன்னாலும் தப்பில்லை என்றுதான் அவளுக்கே தோன்றியது.

எக்ஸ்ரேயம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "நகருங்க. வழி விடுங்க." இந்தத் தடவை எல்லாரும் நகர்ந்தார்கள். நேராகச் சிலைக் கிழவியிடம் போய், கைப்பையை டெய்லரம்மாவிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டாள். தொங்கிய சுண்டுவிரலை இரண்டு பக்கமும் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"இது இன்னிக்கு ஒடிஞ்சதில்ல" என்றாள்.

"என்ன சொல்றீங்க?" என்றாள் மேற்பார்வையாளர்.

"வந்து பாருங்க. இப்போ ஒடிஞ்சதா இருந்தா ஓரமெல்லாம் சுத்தமா, வெளுப்பா இருக்கணும். இதுல பாதி தூரத்துக்கு அழுக்கு ஏறி கறுத்திருக்கு. இங்க பசை காஞ்சு மஞ்சளா நிக்குது. யாரோ எப்பவோ உடைச்சு, யாரோ ஒட்டியிருக்காங்க. ஒட்டினதும் சரியில்ல, கோணலா ஒட்டியிருக்காங்க. போர்டு விழலேன்னாலும் அடுத்து வர்றவங்க கை குலுக்கினா கழண்டிருக்கும்."

மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது கோபம் முக்கால்வாசி இறங்கியிருந்தது. "பழைய பதிவைப் பாக்கறேன்" என்று முனகினாள். காவலர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூங்கிய குட்டு வெளிப்பட்டதில் அவருக்கும் அசடு வழிந்தது.

டெய்லரம்மா அவர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க தம்பி. கழுத்தைப் பிடிக்கணும்னு இல்ல. காலரைத் திருப்பித் தைச்சிருந்ததைப் பாத்தேன், கை சும்மா இருக்கல. யார் தைச்சது?"

"நானேதாம்மா" என்றார் அவர், மெதுவாக. "புதுசு தர்றதுக்கு நாளாகும்னாங்க."

"அருமையாத் தைச்சிருக்கீங்க. நூலை மட்டும் ரெட்டையாப் போட்டிருக்கலாம்."

காவலர் வெட்கத்தோடு சிரித்தார். மேற்பார்வையாளரும் சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பினாள். "சரி, அபராதம் அது இதுன்னு ஒண்ணும் வேணாம். ஆனா நடந்ததைப் பதிவேட்டுல எழுதியாகணும். ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க."

ஆபீஸ் என்பது படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் தலையில்லாத ஒரு பளிங்குச் சிலை. நீளமான பதிவேடு ஒன்றைத் திறந்து வைத்தாள் மேற்பார்வையாளர். "நடந்ததை நான் எழுதிட்டேன். நீங்க பேர், விலாசம் எழுதி கையெழுத்துப் போட்டாப் போதும். அவங்க சாட்சி."

டெய்லரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். "குடுங்க" என்று எக்ஸ்ரேயம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். முதலில் தன் பெயரை எழுதினாள், விலாசத்தை எழுதினாள். அடுத்த வரியில் டெய்லரம்மாவின் பெயரை எழுதினாள். விலாசத்துக்கு வந்ததும் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு விறுவிறுவென்று எழுதிவிட்டு, பதிவேட்டைத் தள்ளினாள். "போடுங்க."

டெய்லரம்மா குனிந்து பார்த்தாள். தன் பெயருக்கு நேரே, விலாசம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: மேற்படி.

"சம்பந்தியம்மா, தப்பா எழுதிட்டீங்க."

"தப்பில்ல."

"அது உங்க வீட்டு விலாசம்."

"எனக்குத் தெரியாதா? அங்கதான் குடியிருக்கேன்." எக்ஸ்ரேயம்மா அவளைப் பார்க்காமல் தலையில்லாத சிலையைப் பார்த்துச் சொன்னாள். "உங்க கடை அடுத்த மாசம் இருக்காது. அந்த விலாசத்தை எழுதினா பொய்யாயிடும்ல? கவர்ன்மென்ட் வேலை பாத்தவ நான், பதிவேட்டுல பொய் எழுதமாட்டேன்."

மேற்பார்வையாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ புரிந்தவள் போல, இல்லாத ஒரு வேலைக்காக வெளியே எழுந்து போனாள்.

"மூணு நாளா கேக்கணும்னு பாக்கறேன், வாய் வரல" என்றாள் எக்ஸ்ரேயம்மா. அதட்டல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "நில்லு, திரும்பு, மூச்சைப் பிடின்னு சொல்லித்தான் பழக்கம். வாங்கன்னு கேட்டுப் பழக்கமில்ல. அதுவும் நீங்க வைராக்கியக்காரி. மாட்டேன்னுட்டீங்கன்னா? உங்க பொண்ணு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"நான் சிரிச்சதுல உங்களுக்குக் கோவம்னு நினைச்சேன்."

"கோவமில்ல. நானும் சிரிச்சிருப்பேன். இன்னிக்குப் பல் சரியா உக்காரல, வாயைத் திறந்தா சிலை மேல விழுந்துடும்னு பயந்துட்டு நின்னேன்."

டெய்லரம்மா சிரித்தாள். சிரிப்பிலேயே கண் நிறைந்து வழிந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, ஒரே வார்த்தைக்கு உடனே தலையாட்டிவிட முடியுமா?

"நான் சும்மா உக்காந்து சாப்பிடமாட்டேன். மெஷினோடதான் வருவேன். சத்தம் போடும்."

"போடட்டும்."

"ஊசிக்கு வெளிச்சம் வேணும். இடது பக்கத்துலேர்ந்து வரணும். அப்படி இடம் இருக்கா உங்க வீட்டுல?"

"கீழ் ரூம் ஜன்னலோரம். உங்க பொண்ணுகிட்ட கேட்டு, மேசையை இழுத்துப் போட்டுப் பாத்துட்டேன். காலையில பத்து மணியிலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும் வருது. பின்னால ஒரு சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன், வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கூடும்னு."

"எப்போ பாத்தீங்க இதையெல்லாம்?"

எக்ஸ்ரேயம்மா விரலை மடக்கி எண்ணினாள். "உங்க கட்டடத்தை இடிக்கப் போறாங்கன்னு நோட்டீஸ் வந்துச்சே, அதுக்கு மறுநாள்."

நோட்டீஸ் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. டெய்லரம்மா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, மேற்படி என்ற சொல்லுக்குப் பக்கத்தில், முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.